மாதச் சம்பளம், வருடச் செலவு

செக்கில் போட்டிருந்த தேதி 25. கம்பெனியில் சம்பளம் ஏறும் நாள் 28. நடுவில் மூன்று நாள்.

துபாய்க்கு வந்த முதல் வருடம். வீட்டு வாடகைக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு செக் எழுதிக் கொடுத்திருந்தேன். இங்கே வழக்கம் அதுதான். வருட வாடகையைத் துண்டு போட்டு, வரப்போகும் தேதிகளைப் போட்டு, எல்லாச் செக்கையும் முதல் நாளே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போடும்போது அந்தத் தேதிகளெல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. ஆனால் 25-ம் தேதி நாளைக்கு என்று ஆனபோது கணக்கில் நாலாயிரம் திர்ஹம் குறைந்தது. செக் திரும்பினால் அப்போதெல்லாம் போலீஸ் வழக்கு. காசில்லாமல் திரும்பும் செக்கைப் பெரும்பாலும் குற்ற வழக்கிலிருந்து எடுத்தது 2022 ஜனவரியில்தான்.

இரவு பத்து மணிக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கீழக்கரைக்காரர். தேரா பகுதியில் முப்பது வருடமாக இருந்தவர். எங்கள் மாடியில் மலையாளி, தெலுங்கர், தமிழர் எல்லோருக்குமே அவர் 'காக்கா'தான், அதாவது அண்ணன். ஏன் என்று கேட்கவில்லை; எவ்வளவு என்று மட்டும் கேட்டார். எண்ணிக் கொடுத்துவிட்டு, டிவி ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். நம்மூர் மளிகைக் கடையில் பற்று எழுதும் நோட்டு. அட்டை பிய்ந்து, டேப் ஒட்டியிருந்தது.

"தம்பி, சம்பளம் மாசா மாசம் வருது. செலவு அப்படியா வருது?"

நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம். வாடகை, பள்ளிக்கூடம், விசா, டிக்கெட் என்று வருடத்தில் ஒருமுறையோ நான்கு முறையோ வருகிற ஒவ்வொரு செலவையும் பன்னிரண்டால் வகுத்து, வராத மாதத்திலும் 'வந்தது' என்றே எழுதி வைத்திருந்தார். அந்தக் காசைத் தொட மாட்டார். கணக்கு நுட்பம் அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டுப் பெருநகரத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்களில் பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை என்று என் அனுபவத்தில் சொல்வேன். சிக்கனமாக இருக்கிறார்கள். தக்காளி எந்தக் கடையில் ஐம்பது ஃபில்ஸ் குறைவு என்று தெரியும். வியாழக்கிழமை ஆஃபர் தாளை வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கவிழ்வது தக்காளியில் இல்லை.

வீடு பிடிக்கும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அல் குசைஸில் ஒரு படுக்கையறை வீடு, வருடம் 60,000 திர்ஹம், நான்கு செக் என்று வைப்போம். முதல் செக் 15,000. தரகருக்கு 5 சதவீதம், அதாவது 3,000. முன்பணம் இன்னொரு 5 சதவீதம், 3,000. மின்சார, தண்ணீர் இணைப்புக்கு 'தேவா' வைப்புத்தொகை 2,000. குத்தகையைப் பதிவு செய்யும் எஜாரிக்கு இருநூறு சொச்சம். முதல் நாள் வெளியே போகும் காசு 23,000-ஐத் தாண்டுகிறது. இன்னும் கட்டில் வாங்கவில்லை, கேஸ் அடுப்பு வாங்கவில்லை, மகளுக்கு மேசை வாங்கவில்லை. மாதம் 11,000 வாங்குகிற ஒருவருக்கு இது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பலர் இந்த இடத்தில்தான் முதல் தடவையாக கிரெடிட் கார்டில் காசு எடுக்கிறார்கள். மீதி வருடம் அந்த ஓட்டையை அடைப்பதிலேயே போகிறது.

11,000 என்பதைச் சும்மா சொல்லவில்லை. என் நண்பர் ஒருவரின் சம்பளம் அது. மன்னார்குடிக்காரர். மனைவியும் நான்காவது படிக்கும் மகளும் இங்கேயே இருக்கிறார்கள். போன மாதம் இருவரும் உட்கார்ந்து காக்காவின் முறைப்படி அவருடைய வருடக் கணக்கை எழுதினோம். ஊரில் அவரைப் பற்றிய கணக்கு மிக எளிது. ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால், மாதம் இரண்டரை லட்சம் சம்பளம். "இரண்டரை லட்சம் வாங்குறான், ஒரு போர்வெல் போடக் காசில்லேங்குறான்" என்று அவருடைய சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில் சொன்னது இங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நாங்கள் எழுதியதைத் தருகிறேன். வருட வருமானம் 1,32,000 திர்ஹம். வாடகை 60,000. வாடகையில் 5 சதவீதம் நகராட்சி வீட்டுக் கட்டணம், அது 3,000. தேவா பில், குளிர்காலத்தையும் கோடையையும் சேர்த்துச் சராசரி மாதம் 500, வருடம் 6,000. வீட்டு இணையம், இரண்டு போன், 6,000. பள்ளிக் கட்டணம், பள்ளி பஸ், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து 15,000. இது இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்பதால் இந்த அளவில் நிற்கிறது. மளிகை, காய்கறி, பால், மீன் மாதம் 1,600, வருடம் 19,200. மெட்ரோ, பஸ் 3,000. மனைவி, மகள் விசா புதுப்பிப்பு, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு ஈவு போட்டால் 4,000. கோடை விடுமுறை டிக்கெட், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி, 7,000. அப்பா அம்மாவுக்கு மாதம் ஆயிரம், 12,000.

கூட்டினால் 1,35,200.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம். 3,200 துண்டு விழுகிறது. இதில் முடிவெட்டும் காசு இல்லை, செருப்பு இல்லை, பிறந்தநாள் இல்லை, வாரக் கடைசியில் கராமாவில் ஒரு தோசை இல்லை. மாதம் இரண்டரை லட்சம் வாங்குகிற குடும்பம், ஊதாரித்தனமாக எதையுமே செய்யாமல், கடனில் இருக்கிறது.

ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்டேன். தெரிந்திருக்க வழியில்லை. செக் போகாத மாதங்களில் கையில் நான்காயிரம், ஐந்தாயிரம் மிஞ்சுகிறது. மிஞ்சியதாகத்தான் தோன்றும். அந்த மாதம் யாராவது ஊரிலிருந்து போன் செய்து கேட்டால் கொடுத்துவிடுகிறார். அடுத்த மாதம் செக்கும் பள்ளியின் டேர்ம் கட்டணமும் சேர்ந்து வருகின்றன. கார்டு. மாதப் பட்ஜெட் போடச் சொல்லித் தரும் அறிவுரைகள் இந்த ஊருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். சம்பளத்தில் பாதி அத்தியாவசியம், இவ்வளவு ஆசைக்கு, இவ்வளவு சேமிப்புக்கு என்று பங்கு போடும் சூத்திரம், வாடகை மாதா மாதம் போகிற ஊர்களில் பிறந்தது.

சில செலவுகள் வேறொன்றின் முதுகில் ஏறிக்கொண்டு வருகின்றன. நகராட்சி வீட்டுக் கட்டணத்துக்குத் தனி பில் கிடையாது. தேவா பில்லில் மாதா மாதம் கரண்டோடு சேர்ந்து வரும். 60,000 வாடகைக்கு மாதம் 250. "கரண்ட் பில் ஜாஸ்தியா வருது, ஏசியைக் குறை" என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏசியை முழுக்க நிறுத்தினாலும் அந்த 250 அசையாது. கரண்ட் விலை படிப்படியாக ஏறும். முதல் 2,000 யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ், அடுத்த இரண்டாயிரத்துக்கு 28, அப்புறம் 32, 38. அதன் மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம், 2018-லிருந்து 5 சதவீத வாட். இன்னொரு வகைக் கட்டடங்களில் ஏசிக்கான குளிர்ந்த நீர் வேறொரு கம்பெனியிலிருந்து குழாயில் வரும். அதற்குத் தனி பில், தனி வைப்புத்தொகை. அதில் பயன்படுத்திய அளவுக்கு ஒரு தொகை. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான தொகை ஒன்று. இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்த ஒருவர், பூட்டிய வீட்டைக் குளிர வைத்ததற்கு யார் கேட்டார்கள் என்று அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ச்மேனிடம் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் என்ன செய்வார்? வாடகை விளம்பரத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்ற இரண்டு சொல்லுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்பது முதல் கோடையில்தான் விளங்கும்.

"ஷார்ஜாவில் வாடகை குறைவு, அங்கே போய்விடு" என்பது துபாயில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. வாடகை குறைவுதான். கார் இல்லாமல் போய்வர முடியுமானால், அதாவது வேலை இடமும் பஸ் நிறுத்தமும் ஒத்துவந்தால், போகலாம். கார் வைத்துக்கொண்டு போகிறவர் சாலிக் என்னும் சுங்கக் கேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2007-ல் தொடங்கியபோது ஒருமுறை கடக்க 4 திர்ஹம். 2025 ஜனவரி 31-லிருந்து காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் 6. போகையில் இரண்டு கேட், வருகையில் இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 24 திர்ஹம். 22 வேலை நாளுக்கு 528. பெட்ரோல் தனி, அது 2015 ஆகஸ்ட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு விலை. கார் தவணை, காப்பீடு தனி. ஓட்டுநர் உரிமம் எடுப்பதற்கு இங்கே ஆகும் செலவில் நம்மூரில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். இத்தனைக்கும் மேல், அல் இத்திஹாத் சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கிற காரில் போகும் நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வாடகையில் மிச்சமாகும் காசைச் சாலையில் தானம் செய்துவிட்டு வருகிற குடும்பங்கள் கணிசம். துபாய்க்குள் இரண்டு மண்டலத்துக்கு மெட்ரோ மாதப் பாஸ் 230 திர்ஹம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும்.

வாடகை ஏறுவதைப் பற்றியும் ஒன்று. வீட்டுக்காரர் நினைத்த அளவுக்கு ஏற்ற முடியாது. 2013-ல் வந்த 43-ம் எண் ஆணைப்படி, நீங்கள் கொடுக்கும் வாடகை சந்தை வாடகையைவிட 10 சதவீதத்துக்குள் குறைவாக இருந்தால் ஒரு திர்ஹம்கூட ஏற்றக்கூடாது. எவ்வளவு இடைவெளியோ அதற்குத் தக 5, 10, 15, அதிகபட்சம் 20 சதவீதம். ஒப்பந்தம் முடிய 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து கட்டடம் கட்டடமாகத் தரம் பிரித்து வாடகைக் குறியீடு வெளியாகிறது, போனிலேயே பார்க்கலாம். எங்கள் கட்டடத்தில் 90 நாள் கெடு முடிந்தபின் வந்த ஏற்றத்துக்கு ஏழு குடும்பம் பேசாமல் கட்டியது. சண்டை வேண்டாம் என்ற நல்லெண்ணம். தக்காளிக்குப் பேரம் பேசுகிற அதே ஏழு குடும்பம்.

இனி அந்தப் பெருக்கல்.

புதிதாக வந்து இறங்குகிறவர் எதைப் பார்த்தாலும் இருபத்து மூன்றால் பெருக்குவார். தோசை 12 திர்ஹம். 276 ரூபாயா என்று பசியோடு திரும்பி வருவார். தண்ணீர் பாட்டிலைக்கூடப் பெருக்குவார். இந்தக் காய்ச்சல் ஆறு மாதத்தில் விட்டுவிடும். விட்ட பிறகு எதிர்த்திசையில் போகும். சம்பளத்தைத் திர்ஹமில் வாங்குகிறோம், திர்ஹமில் செலவழிக்கிறோம், பெருக்கினால் வாழ முடியாது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஊரில் இருப்பவர்கள் பெருக்குவதை நிறுத்துவதே இல்லை. அவர்கள் வருமானத்தை மட்டும் பெருக்குகிறார்கள். வாடகையைப் பெருக்குவதில்லை. அறுபதாயிரம் திர்ஹத்தை இருபத்து மூன்றால் பெருக்கினால் 13,80,000 ரூபாய்; ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஒரு வருட வாடகை. மன்னார்குடியில் இதைச் சொன்னால் பொய் சொல்கிறான் என்பார்கள்.

ரூபாய் விழும்போது இந்தக் குழப்பம் கூடுகிறது. டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற கணக்கு 1997-லிருந்து நகரவில்லை. ஆகவே ரூபாய் டாலரிடம் தோற்கிற போதெல்லாம் திர்ஹமிடமும் தோற்கும். 2008 தொடக்கத்தில் ஒரு திர்ஹமுக்கு 11 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இன்று அதில் இரண்டு மடங்குக்கும் மேல். ரூபாய் சரியும் வாரத்தில் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் வரிசை நீளும். கார்டில் கடன் எடுத்து ஊருக்கு அனுப்பி, "ரேட் நல்லா இருந்துச்சு" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். கார்டு வட்டி எந்த ரேட்டையும் தின்றுவிடும். நல்ல ரேட் என்பது மிச்சம் இருக்கிறவனுக்குத்தான். இங்கேயே முழுக்கச் செலவாகிற குடும்பத்துக்கு ரூபாய் 20-ல் இருந்தாலும் 25-ல் இருந்தாலும் ஒன்றுதான். ஊரில் மட்டும் அது நமக்குக் கிடைத்த சம்பள உயர்வாகப் பதிவாகும்.

குடும்பம் இல்லாமல் இருப்பவர்களை இங்கே 'பேச்சிலர்' என்பார்கள். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும் பேச்சிலர்தான். சத்வாவில் ஓர் அறையில் ஏழு பேரோடு இருக்கும் தம்பி ஒருவனுடைய கணக்கையும் எழுதிப் பார்த்தேன். அறையில் இரட்டை அடுக்குக் கட்டில்கள். ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு தட்டிலும் மார்க்கரில் பெயர். அவனுடைய தட்டில் ஒரு தயிர் டப்பா, பாதி எலுமிச்சை, ஊறுகாய் பாட்டில். மூட்டைப்பூச்சி மருந்து அடித்த வாசனை போகவே போகாது. சம்பளம் 2,200. பெட் ஸ்பேஸ் 750. மெஸ் 400. பயணம் 230. போன் 100. காலை டிபன், டீ 200. சோப்பு, சலவை 70. போக மீதி 450 திர்ஹம், பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு வட்டியே மாதம் 4,500 ரூபாய். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். அதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

அவன் வரும்போது இரண்டு வேலை கைவசம் இருந்ததாம். ஒன்று இந்த 2,200. இன்னொன்று 1,600, ஆனால் தங்குமிடமும் போய்வர வண்டியும் கம்பெனி செலவு. பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தான். 1,600-ல் அதே மெஸ், போன், டீ, சலவையைக் கழித்தால் 830 மிஞ்சும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. விமானம் ஏறும் முன்னால் இந்த ஒரு கழித்தலை யாரும் அவனுக்குப் போட்டுக் காட்டவில்லை. 2025 கோடையில் அல் ரிக்கா, சத்வா, அல் பர்ஷா பகுதிகளில் அனுமதியில்லாத பலகைத் தடுப்புகளை அகற்ற நகராட்சி இறங்கியபோது, மலிவாகக் கிடைத்த இடங்கள் இன்னும் குறைந்தன. தீ விபத்து பயத்தில் எடுத்த நடவடிக்கை. தவறு சொல்ல முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பது தனிக் கேள்வி.

4,000 திர்ஹம் சம்பளம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 இருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு விசா எடுக்கலாம் என்பது விதி. 4,000 என்றால் வருடம் 48,000. நண்பரின் வாடகையே 60,000. விதி அனுமதி தருகிறது, அவ்வளவுதான். மனைவியை அழைத்து வந்து, ஒரு வருடம் கழித்து, வீட்டுச் சாமான்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, ஷார்ஜா விமான நிலையத்தில் கண் சிவக்க வழியனுப்பிய இரண்டு பேரை நானே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இருவரும் வருவதற்கு முன் போட்ட கணக்கு மாதக் கணக்கு.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காப்பீடு கட்டாயம், ஊழியருக்கு முதலாளி, குடும்பத்துக்கு நாம். அடிப்படைத் திட்டங்களில் பல்லுக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே கோடையில் திருச்சியிலும் மதுரையிலும் பல் டாக்டர்களிடம் வளைகுடாக் கூட்டம். வலியை ஜூலை வரை கிராம்புத் தைலத்தில் ஓட்டுவதை ஒரு பட்ஜெட் முறையாகவே நாங்கள் வளர்த்திருக்கிறோம்.

நோட்டில் காக்கா கடைசியாகக் காட்டிய கட்டத்துக்கு 'போறது' என்று தலைப்பு. முதலில் புரியவில்லை. இந்த நாட்டை விட்டுப் போவதற்கான கட்டம். இங்கே எவ்வளவு வருடம் இருந்தாலும் வேலையும் விசாவும் இருக்கும்வரைதான் ஊர். ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். 'அடிப்படை' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நண்பரின் 11,000-ல் அடிப்படை 5,000 மட்டுமே, மற்றவை படிகள். பத்து வருடம் முடித்தால் 255 நாள் கணக்கு. 42,500 திர்ஹம் வரும். அவருடைய நான்கு மாதச் சம்பளம்கூட இல்லை. பத்து வருட உழைப்புக்குப் பெரிய தொகை ஒன்று காத்திருக்கிறது என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் பெருக்கிப் பார்த்தோம். வேலை போனால் கைகொடுக்க 2023-லிருந்து கட்டாயக் காப்பீடு வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 வரை உள்ளவருக்கு மாதம் ஐந்தே திர்ஹம். அடிப்படையில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம் தருவார்கள். நண்பருக்கு மாதம் 3,000. செக் 15,000.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, வெளிநாட்டில் பட்ஜெட் போடுவதில் கடினமான வேலை கூட்டல் கழித்தல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஊரிடம் உண்மையைச் சொல்வதுதான் கடினம். கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டில் சம்பாதித்து வருகிறவரைச் 'சபுராளி' என்பார்கள். சபுராளிக்கு ஒரு தோரணை உண்டு. அவர் பெட்டியில் கோடாலித் தைலம், பிஸ்தா, பால் பவுடர், சென்ட் பாட்டில் இருக்க வேண்டும். சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. துபாய்ப் பெருமை அளந்த வடிவேலுவைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. அப்படி அளந்தே தீர வேண்டிய நிலைமையை யார் உண்டாக்கினார்கள் என்று நாம் யோசிக்கவில்லை. நாம்தான். சீமந்தத்துக்கு வந்த துபாய்க்காரன் கவரில் ஐந்நூறு வைத்தால் முகம் சுளித்தது நாம்தான்.

"ஊருக்கு மாசம் எவ்வளவு அனுப்புறேன்னு நான் கேக்கல தம்பி" என்றார் காக்கா அன்று இரவு. "கடைசியா எப்போ இல்லைன்னு சொன்னே? அதைச் சொல்லு." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்கு அனுப்புவதை அவர் தானம் என்றோ கடமை என்றோ எழுதவில்லை. வாடகைக்கு அடுத்த வரியில், அதே மையில், 'ஊர்' என்று ஒரு நிலையான தொகை. அதற்குமேல் யார் கேட்டாலும், தங்கை கேட்டாலும், அடுத்த வருடக் கட்டத்தில் எழுதுவார். இப்படி இருந்துதான் மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் செக் திரும்பவில்லை.

தமிழக அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அயலகத் தமிழருக்கென்று துறை இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற தொழிலாளர்களுக்குப் பயணத்துக்கு முந்தைய பயிற்சியும் நடக்கிறது. சட்டம், பாதுகாப்பு, அந்த நாட்டுப் பழக்கவழக்கம் சொல்லித் தருகிறார்கள், நல்லதுதான். அதோடு ஊர்வாரியாக ஒரே ஒரு தாள் கொடுக்கலாம். துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், தோஹா என்று ஒவ்வொன்றுக்கும் படுக்க எவ்வளவு, சாப்பிட எவ்வளவு, போய்வர எவ்வளவு, அடிப்படைச் சம்பளம் என்றால் என்ன, தங்குமிடத்தோடு வரும் சம்பளத்தையும் இல்லாமல் வரும் சம்பளத்தையும் எப்படி ஒப்பிடுவது என்று. வருடத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தினால் போதும். அந்தத் தாளைப் போகிறவர் கையில் மட்டும் கொடுக்காமல், வீட்டில் இருப்பவர் கையிலும் ஒன்று கொடுக்க வேண்டும். பெருக்குவது அவர்கள்தான்.

நண்பரின் 3,200 துண்டை எப்படி அடைத்தோம் என்று சொல்லவில்லையே. கோடையில் மூவரும் போவதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார். வீட்டு இணையத்தில் யாரும் பார்க்காத சேனல்களைக் கழற்றினார். மனைவி இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தரலாமா என்று யோசித்து, அதற்கு இங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்து, விண்ணப்பம் போட்டிருக்கிறார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாங்கள் எழுதிய தாளை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டிம் செயலியில் அப்பாவைக் கூப்பிட்டார். இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், பேனாவும் எடுத்தார். நண்பர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். வாடகைக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு "ம்" என்றார். இரண்டரை லட்சம் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே வந்தது. பாதி வழியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணாடிக்கு மேலாகக் கேமராவை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரிடா. மாசா மாசம் ஐந்நூறு கொடுக்குறேங்குறியே, யாருடா அந்த தேவா?"